தீப்பந்தங்களை எண்ணுவது ஏன்

பழைய பாணி ரோல்பிளேயிங் ஆட்டம் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி சாவைப் பற்றித்தான். முதல் லெவல் மந்திரவாதிக்கு மூன்று ஹிட் பாயின்ட்தானாமே, ஒரு அடி விழுந்தால் ஆள் காலியாமே என்று கேட்பார்கள். ஆமாம், காலி. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் மந்திரவாதியின் உயிர் என்பது ஒரு நான்முகப் பகடை தருகிற எண். அது பூஜ்யத்துக்கு இறங்கினால் புதுக் கேரக்டரை உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஆனால் இந்த ஆட்டத்தை வருடக்கணக்கில் ஆசையோடு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாவு இதில் ஒரு பக்கவிளைவு. ஆட்டத்தை ஓட்டுவது, பலரும் சலிப்பு என்று தாண்டிப் போகிற கணக்குகள். கையில் பிடிக்கிற தீப்பந்தம் எத்தனை மிச்சம், எவ்வளவு நேரம் ஆயிற்று, யார் எவ்வளவு சுமக்கிறார்கள், எதிரே வந்தவன் என்ன மனநிலையில் இருக்கிறான். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் சாவை வைத்துக்கொண்டு கணக்கைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் மிஞ்சுவது வெறும் கொடூரமான ஒரு ஆட்டம். அதை ஒருமுறை ஆடிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று எழுந்து போகிறவர்களை என்னால் குறை சொல்ல முடியாது.

ஆடியிராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மேசையைச் சுற்றிச் சில பேர். ஒருவர் நடுவர், டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்போம். உலகத்தையும் அதிலுள்ள எல்லோரையும் அவர் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். நடுவர் நிலைமையைச் சொல்வார். என்ன செய்கிறோம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடை உருளும்.

இந்த நடுவருக்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டுப் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க ஒரு போர் விளையாட்டை வைத்திருந்தது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட அதன் விதிகளில் அட்டவணைகளும் பகடைகளும் நிறைய. 1876-இல் வெர்டி டு வெர்ன்வா என்ற இன்னொரு ராணுவ அதிகாரி அந்த அட்டவணைகளை ஓரம் கட்டினார். அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 1969 வாக்கில், அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரௌன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். ஆட்டக்காரர்களுக்குப் படைகளை மட்டும் கொடுக்காமல் ஒரு ஊரின் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் என்று தனி மனிதர்களையும் கொடுத்தார். படை வைத்திருப்பவன் படையை நகர்த்தலாம். வங்கிக்காரன் என்ன செய்வான்? வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பார்ப்பான். நடுவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வட்டத்தில் ஆடியவர் டேவ் ஆர்னெசன். அவர் பிளாக்மூர் என்று ஒரு நாட்டையும், அதன் கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகளையும் உருவாக்கி நண்பர்களை உள்ளே இறக்கினார். அமெரிக்காவிலேயே லேக் ஜெனிவா என்ற ஊரில் இருந்த கேரி கைகாக்ஸ், 1971-இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆயிற்று. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். இன்று அவற்றைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. சுவரில் ஏறினால் என்ன, எதிரியை மிரட்டினால் என்ன, எதற்கும் விதி இல்லை. போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்கள்தான் வாங்குவார்கள், அவர்கள் மேசையில் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதிய புத்தகங்கள் அவை. விதியை விட நடுவர் தீர்ப்பே முதன்மை என்று பழைய பாணிக்காரர்கள் இன்று சொல்வதன் வேர் இங்கேதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதற்கெல்லாம் விதி இல்லையோ அதற்கெல்லாம் இல்லாமல் விட்ட அதே விளையாட்டு, நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் கறாராக விதி வைத்திருந்தது. கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நடுவர் கையேட்டில், நேரக் கணக்கைக் கறாராக வைக்காமல் உருப்படியான தொடர் ஆட்டம் நடத்தவே முடியாது என்று முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அது அவருடைய பிடிவாத குணம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதற்கு 1981 பேசிக் விதிகளின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன், அவைதான் மிகத் தெளிவானவை.

டஞ்சனுக்குள், அதாவது அந்தச் சுரங்க அறைகளுக்குள், ஒரு டர்ன் என்றால் பத்து நிமிடம். ஒரு பந்தம் ஆறு டர்ன் எரியும், அதாவது ஒரு மணி நேரம். ஆறில் ஒரு டர்ன் ஓய்வு எடுத்தாக வேண்டும். கவசம் இல்லாதவர் ஒரு டர்னில் 120 அடி பார்த்துப் பார்த்து நடக்கலாம். தோல் கவசத்தில் 90 அடி, உலோகக் கவசத்தில் 60 அடி. புதையலைச் சுமந்தால் ஒவ்வொன்றிலும் 30 அடி குறையும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை நடுவர் ஒரு ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் அந்தப் பக்கமாக ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று முறை அந்தப் பகடை உருளும். மூன்றில் ஒன்றாவது 1 விழ வாய்ப்பு 42 சதவீதம். நான்கு மணி நேரம் உள்ளே இருந்தால் 89 சதவீதம். அதாவது டஞ்சனுக்குள் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. இந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கலாமா, அந்தப் பெட்டியைப் பொறுமையாகத் திறக்கலாமா, வந்த வழியே திரும்பலாமா என்ற எல்லாக் கேள்விக்கும் எடை வருவது இந்த விலையால்தான். விலை இல்லாத மேசையில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கல்லையும் தட்டுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. நேரம் இலவசம் என்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

என் மேசையில் இந்தக் கணக்கு எப்படிக் கதையாகிறது என்று சொல்கிறேன். ஒரு குழு கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளிச் சவப்பெட்டியைக் கண்டுபிடித்தது. நாலு பேர் தூக்க வேண்டிய கனம். கையில் இரண்டே பந்தம். வழி தெரியும், ஆனால் சுமையோடு நடந்தால் வெளியே போக இரண்டு பந்தமும் போதாது. பெட்டியை விட்டுவிட்டு நாளை வரலாம். அதற்குள் கீழே இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மூடியை மட்டும் கழற்றி எடுத்துப் போகலாம். கழற்றுகிற சத்தம் கேட்கும். ஒருவர் சொன்னார்: "பந்தத்தை அணைச்சுடுவோம். வந்த பாதை முழுக்கச் சுவரைத் தொட்டுக்கிட்டே போகலாம், மேப் என்கிட்ட இருக்கு." இன்னொருவர்: "உன் மேப்ல அந்தக் குழி எங்க இருக்குன்னு போட்டியா?" போடவில்லை. அந்த அமர்வில் வாள் உருவப்படவே இல்லை, ஆனாலும் அதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிய மாலைகள் எங்களுக்குக் குறைவு. நான் ஒரு திருப்பத்தையும் யோசித்து வைத்திருக்கவில்லை. பந்தமும் எடையும் பார்த்துக்கொண்டன.

அடுத்தது எக்ஸ்பி, அதாவது லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி. பழைய விதிகளில் வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி. காப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைக் கொன்றால் 5. போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 வேண்டும். தனி ஆளாகக் கொன்றே போக நினைத்தால் 400 காப்ளின். அவனுக்கு ஏழெட்டு ஹிட் பாயின்ட்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்ளின்கள் தூங்கும்போது அவற்றின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். அலைந்து வரும் மான்ஸ்டர்களிடம் பெரும்பாலும் புதையலும் இருக்காது, ஆகவே அவற்றோடு சண்டை போடுவது சுத்த நஷ்டம். இந்த ஒரு விதியே ஆட்டக்காரர்களைத் திருடர்களாக, தூதர்களாக, சதிகாரர்களாக, கோழைகளாக எல்லாம் மாற்றும். சண்டைக்காரர்களாக மட்டும் மாற்றாது. பின்னால் வந்த பதிப்புகள் எதிரியை வெல்வதற்கே எக்ஸ்பி என்று நகர்ந்தபோது ஆட்டமும் சண்டையைச் சுற்றி நகர்ந்தது. எதற்குப் பரிசு என்று விதி சொல்கிறதோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது எதிர்வினைப் பகடை. இதை விட்டுவிட்டு ஆடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஒரு மான்ஸ்டர் எதிர்ப்பட்டால் நடுவர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுகிறார். 2 வந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 வரை என்றால் விரோதம், தாக்கக்கூடும். 6 முதல் 8 வரை என்றால் என்ன செய்வதென்று அதற்கே தெரியவில்லை. 9 முதல் 11 வரை என்றால் தாக்காது. விலகிப்போகும் அல்லது பேரம் கேட்கும். 12 என்றால் நட்பு. வாய்ப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உடனடித் தாக்குதல் 36-இல் ஒன்று. விரோதம் 36-இல் ஒன்பது. மீதி 26-இல் பேசுவதற்கு இடம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் பாய்ந்து குதறுகிற மிருகங்கள் நிரம்பிய இடம் என்று எல்லோரும் நினைக்கிற அந்த டஞ்சன், விதிப்படி பார்த்தால் குழம்பி நிற்கிறவர்கள் நிரம்பிய இடம்.

ஒருமுறை இருட்டு நடைவழியில் ஹாப்காப்ளின்கள், காப்ளின்களின் பெரிய உறவுக்காரர்கள், எதிர்ப்பட்டன. பகடையில் 7. விரோதமும் இல்லை, நட்பும் இல்லை. ஏன் தயங்குகிறார்கள் என்று நான் அந்த நொடியில்தான் யோசித்தேன். அவர்களில் ஒருவனுக்கு அடிபட்டிருக்கிறது, தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று சொன்னேன். ஒரு ஆட்டக்காரர் உடனே, "அடி எப்படிப் பட்டது? வாள் காயமா, கடியா?" என்று கேட்டார். கடி என்றேன். அப்படியானால் இவர்களையும் ஏதோ துரத்துகிறது, நம்மையும் துரத்தப் போகிறது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டு, பதிலுக்குக் கீழ்த்தளத்தின் வழியைக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஹாப்காப்ளின்கள் அதற்கப்புறம் எங்கள் தொடர் ஆட்டத்தில் நிரந்தரமான ஆட்கள் ஆகிவிட்டார்கள். கூலிக்குச் சுமை தூக்கினார்கள், ஒரு குளிர்காலத்தில் துரோகமும் செய்தார்கள். எழுதி வைத்த கதையில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது.

இதன் மறுபக்கம் மன உறுதிச் சோதனை. ஒரு கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும், நடுவர் இரண்டு பகடை உருட்டி அவர்களுடைய மன உறுதி எண்ணோடு ஒப்பிடுகிறார். மேலே போனால் ஓட்டம் அல்லது சரண். காப்ளினின் எண் 7; ஒவ்வொரு சோதனையிலும் 42 சதவீதம் ஓடுவதற்கான வாய்ப்பு. எலும்புக்கூட்டுக்கு 12, அது ஒருபோதும் ஓடாது. இது எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம். உயிருள்ளவற்றுக்கு உயிர்ப் பயம் இருக்கும், செத்தவற்றுக்கு இருக்காது. ஒரு எண் மட்டும் வேறு, ஆனால் எலும்புக்கூடுகளோடு சண்டை போட்டவர்களுக்கு ஏன் இவை திரும்பிப் போகவே மாட்டேன்கிறது என்ற பீதி தானாக வரும்.

ஆட்டக்காரர்களும் ஓடலாம், ஓட வேண்டும். அதற்கும் விதி இருக்கிறது. துரத்துகிற மிருகத்தின் முன்னால் உணவை எறிந்தால் பாதி வாய்ப்பில் நின்று தின்னும். பணத்தாசை உள்ளதாக இருந்தால் காசை எறியலாம், அதற்கும் பாதி வாய்ப்பு. காசுதான் எக்ஸ்பி என்று மேலே சொன்னேன் இல்லையா? தோளில் சுமந்து வந்த லெவலையே இருட்டில் வீசிவிட்டு ஓடுகிறார்கள். அந்த முடிவை எடுக்கிற முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் நடுவராக உட்காரத் தயார்.

சரி, பகடை இல்லாத இடங்களுக்கு வருவோம். பொறி இருக்கிறதா என்று தேட 1974 பெட்டியில் தனி ஆள் கிடையாது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு, அவ்வளவுதான். திருடன் வந்தது 1975-இல், கிரேஹாக் என்ற துணை நூலில். அதற்கு முன் பொறியை எல்லோருமே பேசித்தான் கண்டுபிடித்தார்கள். தரையில் தண்ணீரை ஊற்றி அது எந்த இடுக்கில் இறங்குகிறது என்று பார்ப்பது, பத்தடிக் கழியால் முன்னால் தட்டிக்கொண்டே போவது, கதவுக்குக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுப்பது. திருடன் வந்ததும் இதற்கெல்லாம் ஒரு சதவீத எண் வந்தது. முதல் லெவல் திருடனுக்குப் பொறி கண்டுபிடிக்கும் வாய்ப்பு பேசிக் விதிகளில் 10 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துப் பலர் திருடனே வீண் என்பார்கள். என் மேசையில் அது கடைசி வாய்ப்பு மட்டும். ஆட்டக்காரர் சரியான இடத்தைச் சரியான விதத்தில் தொட்டால் பகடையே வேண்டாம், பொறி தெரிந்துவிடும்.

இப்படி ஆடும்போது மேசைப் பேச்சு வேறு மாதிரி ஆகிறது.

"அறை நடுவுல ஒரு சிலை. ஒரு கை நீட்டியிருக்கு."

"உள்ளங்கை மேல பாக்குதா, கீழயா?"

"மேல. உள்ளங்கையில தூசி இல்ல. மத்த எல்லா இடத்துலயும் இருக்கு."

"அப்போ யாரோ அதுல அடிக்கடி ஏதோ வைக்கிறாங்க. என்ன எடை இருக்கும்னு கல்லை வெச்சுப் பாக்கலாமா?"

இங்கே கேரக்டர் ஷீட்டில், அதாவது கேரக்டரின் எண்களை எழுதிய தாளில், பார்க்க எதுவும் இல்லை. அந்த ஆட்டக்காரரின் சொந்த மூளை அறைக்குள் நிற்கிறது. நல்ல எண் உருட்டியதும் நடுவர் ரகசியத்தைச் சொல்லிவிடுகிற ஆட்டத்தில் இந்த நாலு வரிப் பேச்சு நடக்காது. இதற்காகவே நான் பழைய பாணியில் இருக்கிறேன் என்றும் சொல்லலாம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, நியாயமான வாதம். எல்லாம் நடுவரின் தீர்ப்பு என்றால் அவர் மனசைக் குளிர வைப்பதுதானே ஆட்டம்? நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஜெயிப்பான், கூச்ச சுபாவம் உள்ளவன் தோற்பான். அப்படிச் சீரழிந்த மேசைகள் நிச்சயம் உண்டு. விதிப் புத்தகங்கள் கனமாகிக்கொண்டே போனதற்கு நடுவர்கள் மேல் இருந்த இந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என்னுடைய பதில் நேர்மையில்தான் இருக்கிறது, அந்த நேர்மைக்குச் சில பழக்கங்கள் வேண்டும். டஞ்சனில் என்ன எங்கே இருக்கிறது என்பதை ஆட்டத்துக்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன், ஆட்டம் நடக்கும்போது மாற்றுவதில்லை. பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டுகிறேன். உருட்டுவதற்கு முன்பே "இது ஆறில் இரண்டு வாய்ப்பு, தவறினால் கயிறு அறும், தாவுகிறாயா?" என்று சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று பின்வாங்க அப்போது இடம் இருக்கிறது. ஒரு கேரக்டர் கண்ணால் பார்க்கக்கூடிய எதையும் மறைப்பதில்லை. சாவு வருகிற இடத்தில் அதன் தடயம் முன்னாலேயே கிடக்கும்: கருகிய எலும்பு, உருகிய வாள், கூலியாட்கள் நுழைய மறுக்கிற வாசல். தடயம் இல்லாத சாவை நான் என் ஆட்டத்தில் வைப்பதே இல்லை.

இந்த இடத்தில் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற சாகசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைப் பேய்முகத்தின் வாய்க்குள் நுழைந்தவர்கள் சுவடின்றி அழிந்துபோகிற அந்தப் புகழ்பெற்ற கல்லறையை, 1975-இல் ஒரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டின் போட்டிக்காகக் கைகாக்ஸ் நடத்தினார். அச்சில் வந்தது 1978-இல். போட்டி என்பதால் அது கொல்லத்தான் வேண்டும். பழகிய ஆட்டக்காரர்களைத் தரம் பிரிப்பது அதன் வேலை. அதை வாராவாரம் ஆடுகிற ஆட்டத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதால்தான் பழைய பாணி என்றால் கண்மூடித்தனமான கொலை என்ற பெயர் வந்தது. மாதிரி வேண்டுமானால் அதே கைகாக்ஸ் 1979-இல் எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு, சுற்றிலும் குகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம், ஒன்றுக்கொன்று பகை. காப்ளின்களைத் தாக்கினால் அவை பக்கத்துக் குகையில் இருக்கிற ஓகர் என்ற ராட்சதனிடம் 250 பொற்காசுப் பையை எறிந்து உதவிக்குக் கூப்பிடும். அந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததும் உங்களுக்கும் தோன்றுகிறது அல்லவா, ஓகருக்கு நாம் 300 கொடுத்தால் என்ன என்று? அதே 1979-இல் ஜெனெல் ஜேக்வேஸ் வரைந்த 'கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா'வும் அப்படித்தான். பல நுழைவாயில்கள், சுற்றிச் சுற்றி இணையும் பாதைகள், ஒரு தளத்திலிருந்து பார்த்தால் கீழே தெரிகிற இன்னொரு தளம். வரைபடமே ஆட்டக்காரர்களுக்குத் தேர்வுகளைக் கொடுக்கிறது.

1980-களில் காற்று மாறியது. 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற சாகசத் தொடரில் ஒரு காவியக் கதை இருந்தது, அதற்கு நாயகர்கள் உயிரோடு வேண்டும். அதையே பெரிதும் விரும்பியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அது வேறொரு இன்பம். தன் கேரக்டருக்குப் பத்துப் பக்க முன்கதை எழுதி, அதன் காயங்கள் ஆறுவதைப் பார்க்க விரும்புகிற ஒருவரைப் பந்தம் எண்ணுகிற மேசையில் உட்கார வைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

1970-களில் எல்லோரும் ஒரே மாதிரி ஆடினார்கள் என்றும் யாரும் நம்ப வேண்டாம். 1975-இல் லீ கோல்ட் தொடங்கிய அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற தொகுப்பிதழில் ஆட்டக்காரர்கள் அப்போதே விதவிதமான பாணிகளைப் பற்றி விவாதித்தார்கள். நாடகமாக ஆடியவர்கள், புதிராக ஆடியவர்கள், போராக ஆடியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இன்று பழைய பாணி என்று நாம் அழைப்பது பெருமளவு 2000-களில் திரும்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நன்றாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தத் திரும்பிப் பார்த்தலுக்கு வழி செய்தது 2000-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமம், அதாவது அதன் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. அதைக் கொண்டு பழைய விதிகளை மறுபடி எழுத முடிந்தது. 2006-இல் ஆஸ்ரிக், 2007-இல் லாபிரிந்த் லார்ட், 2008-இல் ஸ்வார்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி. 2019-இல் வந்த ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ், நான் மேலே சொன்ன 1981 விதிகளைத் தேடாமல் எடுக்கிற மாதிரி அடுக்கித் தந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் கை காட்டுகிறேன். இன்னொரு கூட்டம் விதிகளைச் சுருக்கிக்கொண்டே போனது. 2014-இன் இன்டு தி ஆட் விளையாட்டில் அடி படுமா என்ற பகடையே கிடையாது, நேராகச் சேதம்தான். சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடி வாங்கியே தீரும் என்பதால் சண்டைக்கு முன்னால் யோசிக்கிறார்கள். 2018-இன் நேவ், எடையைக் காசுக் கணக்கில் கூட்டுவதற்குப் பதில் இத்தனை இடம், இத்தனை பொருள் என்று மாற்றியது. கணக்கு பிடிக்காதவர்களும் அதை ஏற்கிறார்கள். 2023-இல் ஷேடோடார்க் ஒரு படி மேலே போனது. அதில் பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும். மேசை மேல் கடிகாரம் ஓடும், ஆட்டக்காரர்கள் வளவளவென்று பேசினாலும் வெளிச்சம் குறையும். வெளிச்சமே ஆட்டத்தின் நாணயம் என்பதை இவ்வளவு சுருக்கமாகப் புரிந்துகொண்ட விளையாட்டு வேறு இல்லை. ஆனாலும் நான் டர்ன் கணக்குக்கே திரும்பி வந்துவிட்டேன். என் மேசையில் திட்டம் போடுகிற பேச்சுதான் இனிப்பு, அதை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. மனிதரல்லாத இனங்களுக்கு இத்தனாவது லெவலுக்கு மேல் போகக்கூடாது என்ற தடையை நான் வைத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பு பெண் கேரக்டர்களின் வலிமைக்கு ஆண்களை விடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. அது அப்போதும் தவறு, இப்போதும் தவறு, என் மேசைக்கு அது வந்ததே இல்லை. வலிமை, அறிவு போன்ற குணங்களின் எண்களை வரிசையாக மூன்று பகடையில் உருட்டுவதை மட்டும் விடமாட்டேன். யார் வருகிறார் என்று தெரியாமல் ஒரு புது ஆளைச் சந்திப்பது போல அது இருக்கிறது, வலிமை குறைந்த போர்வீரனிடம்தான் எங்கள் குழுவின் பாதித் தந்திரங்கள் பிறந்தன.

நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். ஒரு தாளில் ஆறு ஆறு கட்டங்களாக வரிசை வரையுங்கள். ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு கட்டத்தை அடியுங்கள், இரண்டாவது, நான்காவது, ஆறாவது கட்டங்களில் பகடையை உருட்டுங்கள், வரிசை முடிந்தால் பந்தம் தீர்ந்தது. அந்தத் தாளை மறைக்காமல் மேசை நடுவில் வையுங்கள். எதிர்வினை அட்டவணையையும் அவர்கள் பார்க்கட்டும். முதல் ஒன்றிரண்டு அமர்வுகளுக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும். அப்புறம் ஆட்டக்காரர்களே "இன்னும் ரெண்டு கட்டம்தான், கெளம்பலாம்" என்று ஒருவரை ஒருவர் அவசரப்படுத்துவார்கள். கூலியாட்களின் சம்பளக் கணக்கையும் உணவுக் கணக்கையும் ஒரு ஆட்டக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எந்தக் குழுவிலும் அதை ஆசையாக ஏற்றுக்கொள்ள ஒருவர் இருப்பார். நீங்கள் கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்கலாம்.